எஸ்டிமேட்டில் நான் அடித்த வரி

கணக்கில் நான் ஒரு ரூபாய்கூடத் தின்றதில்லை. ஆடிட்டர் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் 80ஜி ரசீது போயிருக்கிறது. எந்தப் பள்ளிக்கு என்று சொல்லி வாங்கினேனோ, அந்தப் பள்ளியில்தான் கழிவறை நிற்கிறது. போய்ப் பார்த்தால் கட்டடம் இருக்கும், கல்வெட்டு இருக்கும், கொடுத்தவர் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கும். பல இடங்களில் கதவில் பூட்டும் தொங்கும்.

அந்தப் பூட்டுக்கு நான்தான் பொறுப்பு. பணத்தைக் கையாடியவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. நான் செய்ததற்கு எந்த செக்‌ஷனும் கிடையாது. யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளுக்குக் குடிநீரும் கழிவறையும் அமைத்துத் தருகிற ஒரு சிறிய அறக்கட்டளைக்கு நன்கொடை திரட்டுவது என் வேலை. அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்தச் சொல்லைக் கேட்டதும் பேனாவை எடுப்பார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. இங்கே அது அப்படியே கைகொடுத்தது.

காலமும் தோதாக அமைந்தது. ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் கழிவறை வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கிற கம்பெனிகள் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர், அடுத்த ஆண்டுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இருக்கும் என்றார். அதுவரை கழிவறை என்று ஆரம்பித்தாலே பேச்சை மாற்றிய அதிகாரிகள் தாங்களாகவே போன் செய்தார்கள்.

எது விலைபோகும், எது போகாது என்பது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. டைல்ஸ் ஒட்டிய சுவர் போகும். அதில் கார்ட்டூன் வரைந்திருந்தால் இன்னும் சுலபம். ஆர்.ஓ. மெஷின் போகும். பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவுகிற குழாய்த் திட்டு போகும். அக்டோபர் 15 கை கழுவும் தினத்துக்கும் நவம்பர் 19 கழிவறை தினத்துக்கும் போட்டோ கிடைக்குமே. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு போகாது. செப்டிக் டேங்க் லாரிக்கான வாடகை போகாது. பிளீச்சிங் பவுடர், ஆசிட், துடைப்பம், கழுவுகிற ஆளின் கூலி, இவை எதுவும் போகாது. இதையெல்லாம் நான் கொடையாளர்களிடம் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. போகாது என்று நானே தீர்மானித்தேன். இந்த வாக்கியத்துக்குக் கடைசியில் மறுபடி வருவேன்.

ஆரம்பத்தில் எங்கள் எஸ்டிமேட்டில் ஒரு வரி இருந்தது. அஸ்திவாரம், சுவர், கதவு, பிளம்பிங், இரட்டைக் குழி, தண்ணீர்த் தொட்டி என்று வரிசையாக வந்து கடைசியில், ‘பராமரிப்பு, மூன்று ஆண்டுகளுக்கு: ஆள் கூலி, சுத்தப் பொருட்கள், சில்லறை ரிப்பேர்’. அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினீயர். அவர் பிடிவாதமாகப் போட்ட வரி அது.

ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையதல்ல. அங்கே எங்கள் எஸ்டிமேட்டைப் பார்த்த அதிகாரி, “இதே யூனிட்டை இன்னொரு டிரஸ்ட் உங்களைவிடக் குறைச்சலாகத் தருகிறார்களே?” என்றார். பிப்ரவரி முடியப் போகிற சமயம். மார்ச் 31க்குள் செலவாகாத பணம் அவர்களுக்குத் தலைவலி, வராத பணம் எங்களுக்குத் தலைவலி. அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அந்தக் கடைசி வரியை அடித்தேன். கூட்டுத்தொகை தானாகக் குறைந்தது. அதற்குப் பதிலாக ஒப்படைப்புக் கடிதத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘பணி நிறைவுக்குப் பின் பராமரிப்புப் பொறுப்பு பள்ளியையும் ஊராட்சியையும் சாரும்.’

பள்ளியில் எவ்வளவு பணம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஊராட்சிச் செயலரின் மேசையில் கரண்ட் பில் பாக்கி எவ்வளவு உயரத்துக்கு அடுக்கியிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார், கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்வார்? கழிவறை வேண்டாம் என்று சொல்லவா முடியும்?

அந்த ஒப்பந்தம் கிடைத்தது. அதன் பிறகு எந்த எஸ்டிமேட்டிலும் அந்த வரியை நான் திரும்பச் சேர்க்கவில்லை. பழைய இன்ஜினீயர் ஒரு கூட்டத்தில் கேட்டபோது, “டோனர்கள் ஒத்துக்கொள்வதில்லை சார்” என்றேன். அவர் உடம்பு முடியாமல் ஒதுங்கிய பிறகு கேட்க ஆளில்லை.

அடுத்தது தண்ணீர். தருமபுரி என்றால் ஃப்ளோரைடு. பாறையில் இருப்பது போர் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டவே கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டிய ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்பு விழும். பல வருஷம் குடித்தவர்களுக்கு முட்டியும் முதுகும் மடங்காது. இந்தக் கொடுமைக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீர், ஃப்ளோரைடு தொல்லை இல்லாதது.

நான் சொல்லப்போகிற பள்ளிக்கு எதிர்த் தெரு வரைக்கும் ஒகேனக்கல் குழாய் வந்திருந்தது. தலைமையாசிரியை கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். “அந்த லைனிலிருந்து ஒரு பைப் இழுத்து, உள்ளே ஒரு தரைத்தொட்டி கட்டிக் கொடுத்துடுங்க சார். தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாலும் புடிச்சி வெச்சிக்குவோம்.” சரியான யோசனை. நான் எழுதிக் கொண்டுபோனது ஆர்.ஓ. மெஷினுக்கு. மண்ணுக்கடியில் போகிற பைப்பில் யார் பெயரை எழுதுவது? தரைத்தொட்டியின் மூடியை எப்படி ரிப்பன் வெட்டித் திறப்பது? ஆர்.ஓ. என்றால் பளபளவென்று ஸ்டீல், நீல விளக்கு, பக்கத்தில் கொடையாளர் நின்று டம்ளரில் பிடித்துக் குடிக்கலாம்.

ஆர்.ஓ. என்ன கேட்கும் என்பது அதை விற்பவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஃபில்டரைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலே இரண்டு மூன்று வருஷத்தில் புதிது போட வேண்டும். வடிகட்டி வருகிற தண்ணீரைவிட வெளியே கொட்டுகிற தண்ணீர் அதிகம். அந்த ஊரிலோ கைபம்புக்கே திணறுகிற நிலத்தடி நீர். இரண்டாவது கோடையில் மெஷின் நின்றது. பள்ளிக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் தேங்கிய குட்டையில் கொசு மட்டும் மிஞ்சியது. பிறகு ஊராட்சியே ஒகேனக்கல் லைனை உள்ளே இழுத்துக் கொடுத்தது. இன்று பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். நாங்கள் வைத்த மெஷின்மேல் விளையாட்டுச் சாமான் மூட்டை இருக்கிறது.

அந்த மெஷினுக்குப் பணம் திரட்டியது ஒரு போட்டோவை வைத்து. எட்டாம் வகுப்புப் பெண். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. அங்கே பல பிள்ளைகளுக்கு உண்டு. “கையை எடும்மா, பல்லு தெரியட்டும்” என்று சொன்னது நான். இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் எடுத்தாள். நல்ல படம். துண்டுப் பிரசுரத்தின் முகப்பில் போட்டோம். கீழே நானே எழுதினேன்: ‘உங்கள் நன்கொடை இவளது புன்னகையை மீட்டுத் தரும்.’

அது பொய். ஃப்ளோரைடு பல்லைக் கெடுப்பது பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் எனாமல் உருவாகிற சின்ன வயதில். எட்டு வயதுக்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அன்றிலிருந்து தேவாமிர்தமே கொடுத்தாலும் முளைத்த பல்லின் பழுப்பு போகாது. எலும்புக்கு நல்லது, தங்கை தம்பிகளின் பல்லுக்கு நல்லது என்று எழுதியிருக்கலாம். அது உண்மை. ஆனால் ஒரு முகத்தைக் காட்டி ஒரு புன்னகையை விற்கிற வேகம் அதில் இல்லை.

திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்த பையன், பிரசுரத்தில் இருந்த அதே படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் பள்ளி வாசலில் கட்டிவிட்டான். நான் பார்த்தேன். குத்துவிளக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று அவிழ்க்கச் சொல்லாமல் விட்டேன். அவள் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். விழா முடிந்ததும் அவள் அம்மா என்னிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நாளைக்கு ஒரு எடத்துல குடுக்க வேண்டிய புள்ள சார். ஊரே பாக்கற மாதிரி இப்படிக் கட்டிட்டீங்களே” என்றார். மன்னிப்புக் கேட்டேன். பிரசுரம் தீரும்வரை கொடுத்துக்கொண்டும் இருந்தேன், ஏனென்றால் அது நன்றாக வேலை செய்தது.

2020 செப்டம்பரில் மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிவறைகளைப் பற்றியது. மொத்தம் சுமார் 1.4 லட்சம். 15 மாநிலங்களில் 2,695 கழிவறைகளை நேரில் போய்ப் பார்த்திருந்தார்கள். கணக்கில் கட்டியதாக இருந்தவற்றில் 200 அங்கே இல்லவே இல்லை. நின்றவற்றில் 30 சதவீதம் பயன்பாட்டில் இல்லை. 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. முக்கால்வாசியில் தினசரி சுத்தம் செய்வதில்லை.

அதைப் படித்து நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். செய்தியை அப்படியே வெட்டி எங்கள் கொடையாளர்கள் எல்லோருக்கும் மெயில் போட்டேன். ‘அரசு வழியில் கொடுத்தால் இப்படி. அதனால்தான் எங்களைப் போன்ற அமைப்புகள் தேவைப்படுகின்றன.’ பணமும் வந்தது. பள்ளிகள் கொரோனாவுக்காக மூடிக் கிடந்த நேரம். நாங்கள் கட்டியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்க்காமலே எழுதிய மெயில் அது. அதற்கு முன்னால் அனுப்பிய ‘பயன்பாட்டு அறிக்கை’களும் அந்த லட்சணம்தான். தலைமையாசிரியருக்குப் போன் போடுவேன். “எல்லாம் நல்லா இருக்கா?” “இருக்குங்க சார்.” ‘நல்ல பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதி அனுப்புவேன். கொடையாளர் நேரில் வருகிறார் என்றால் முதல் நாளே லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பி, கூலிக்கு ஆள் வைத்துக் கழுவி, ஃபினாயில் ஊற்றி வைப்போம். வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். தினமும் கழுவுகிற கழிவறையில் அவ்வளவு ஃபினாயில் மணக்காது. வந்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

2021 நவம்பரில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்த பிறகு, ஒரு புதிய கொடையாளர் பழைய வேலைகளின் படம் கேட்டார் என்பதற்காகத்தான் நான் கிளம்பிப் போனேன். சுயவிசாரணைக்காகப் போனேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

நடுநிலைப் பள்ளி ஒன்று. பெண்கள் கழிவறையில் பூட்டு. கொரோனாவால் வந்த கேடு என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு வசதியாக இருந்தது. தலைமையாசிரியை சாவியைத் தேடி எடுத்து வரும்போதே சொன்னார்: “இது அதுக்கு முன்னாடியே பூட்டினது சார்.” ஒரு கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. கான்ட்ராக்டர் போட்டது மெல்லிய அலுமினியத் தாழ்ப்பாள். நூறு ரூபாய்க்குள் அடங்குகிற சாமான். அது போனதும் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவேளையோ பத்து நிமிஷம். பெரிய பெண்கள் போவதை நிறுத்தினார்கள். சிறு பிள்ளைகள் தண்ணீர் ஊற்றாமல் வந்தார்கள், ஏனென்றால் குழாயின் பிடி உடைந்திருந்தது. நாறியது. பூட்டினார்கள். லட்சக்கணக்கில் செலவழித்த கட்டடம் ஒரு தாழ்ப்பாளுக்கும் ஒரு குழாய்ப் பிடிக்கும் ஆளில்லாமல் படுத்துவிட்டது. நான் அடித்த வரியில் அவை இருந்தன: ‘சில்லறை ரிப்பேர்’.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசினேன். காலையில் வீட்டில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுக்கிறார்களாம். சாயங்காலம் அப்படியே திரும்பிப் போகிறதாம். குடித்தால் போக வேண்டியிருக்குமே. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்று 2019இல் கேரளப் பள்ளிகளில் அதற்கென்று மணி அடிக்க ஆரம்பித்தார்கள்; பிறகு நம் ஊரிலும் அந்தப் பேச்சு வந்தது. நல்ல ஏற்பாடுதான். இந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. ஞாபகமாகக் குடிக்காமல் இருந்தார்கள். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஆசிரியை அவராகவே சொன்னார்: “அந்த மூணு நாள் பாதிப் பேரு லீவு சார். அரசாங்கத்துல நாப்கின் குடுக்கறாங்க, மாத்தறதுக்கு எடம் வேணுமில்ல?”

மிச்சம் இருப்பதுதான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் அந்தக் கழிவறையைக் கழுவ ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். உள்ளாட்சி மூலம் மாதம் ஆயிரத்துச் சொச்சம். அதுவும் மாதா மாதம் வராது. சேர்ந்து சேர்ந்து வரும். துடைப்பமும் பவுடரும் சில சமயம் அவர் கைக்காசு. பக்கத்திலேயே இரண்டு பள்ளிகளை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். கையுறை கிடையாது. ஒரு நாள் நின்றுவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போனால் இதைவிட மேல் என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

“அவங்க நின்னதுக்கப்புறம் யாரு கழுவினாங்க?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாள் பசங்களத் தண்ணி ஊத்தச் சொன்னேன் சார்.”

“எந்தப் பசங்கள?”

தலைமையாசிரியை பதில் சொல்லவில்லை. சாவிக்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர்கள்மேல் வழக்குப் பாய்ந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்துவிட்டு அந்த ஆசிரியரைத் திட்டுவோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் கழுவுகிறவருக்குக் கூலி ஒதுக்காமல் ஒரு கழிவறையைக் கட்டினால், அந்த வேலை நம் ஊரில் யார் தலையில் போய் விழும் என்று எஸ்டிமேட் போடும்போதே எனக்குத் தெரியும். நான் அந்தச் சாதிகளில் பிறந்தவன் இல்லை. எங்கள் வீட்டுக் கழிவறையைக் கழுவ வந்தவருக்கு என் அம்மா தனி டம்ளரில் காபி கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன். ‘எப்படியோ யாராவது கழுவிவிடுவார்கள்’ என்ற நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் அங்கே போய்த்தான் நிற்கிறது. அந்த அம்மாவின் படம் எங்கள் ஆண்டறிக்கை எதிலும் இல்லை. அவர் பெயரை நான் தெரிந்துகொண்டதே அவர் வேலையை விட்ட பிறகுதான்.

அன்று நான் படம் எடுத்தேனா என்றால், எடுத்தேன். வேறு பள்ளிக்குப் போய், நன்றாக இருந்த ஒன்றை எடுத்து அனுப்பினேன். மனம் திருந்துவதெல்லாம் அத்தனை உடனடியாக நடப்பதில்லை.

திருந்தியது எப்படி என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் புதிய கொடையாளர் கெட்டிக்காரர். அனுப்பிய படத்தில் இருந்த பள்ளியின் பெயர்ப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நான் கேட்டது வேறு பள்ளி அல்லவா?” என்று எழுதினார். மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டதால் அறங்காவலர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஒரு பள்ளி விடாமல் போய்ப் பார்த்துப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் பூட்டு, அல்லது ஆசிரியர்கள் மட்டும் பயன்படுத்துகிறார்கள், அல்லது தண்ணீர் இல்லை. நான் கேலி செய்து மெயில் அனுப்பிய தணிக்கை அறிக்கையைவிட எங்கள் நிலை ஒன்றும் மேலில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடும் செத்ததும் போக, குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்வது அவர் பாடு. சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். எண்ணெய்க்கு வழி செய்யாத விளக்கு விளக்காகாது என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிவைத்த சங்கதி. நான் விளக்கை நிறுத்திவிட்டு ஆட்டை அடித்துவிட்டேன்.

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். பெஞ்சும் மணியும் கிணறும் கட்டடமும் ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். கொடுத்தவர் தினம் அந்தப் பள்ளியைத் தாண்டித்தான் வயலுக்குப் போனார். பெஞ்ச் உடைந்தால் அவருக்குத் தெரியும். என் கொடையாளர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கண் நான்தான். அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

இப்போது அந்த வரி எஸ்டிமேட்டின் முதல் வரியாக இருக்கிறது. தனி மனிதர்கள் கொடுத்தால் கட்டடச் செலவோடு ஒரு வைப்புநிதியும் கேட்கிறோம். அதன் வட்டி பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாகக் கழுவுகிறவரின் கூலிக்கும் பவுடருக்கும் தாழ்ப்பாளுக்கும் போகிறது. கம்பெனிப் பணத்தை அப்படி மூலநிதியில் போட முடியாது, 2021இல் வந்த விதித் திருத்தம் தடுக்கிறது. அதனால் அவர்களிடம் பராமரிப்பையும் சேர்த்துப் பல ஆண்டுத் திட்டமாகவே கேட்கிறோம். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். முன்பு ஒரு வருஷத்தில் கட்டியதில் பாதிகூட இப்போது கட்டுவதில்லை. புதிதாகக் கட்டுவதைவிடப் பழைய பூட்டுகளைத் திறப்பதற்கே நேரம் போகிறது. எல்லாவற்றையும் திறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று கட்டடங்களின் குழிகள் பாறையில் தோண்டியவை. அவற்றை இடித்துக் கட்டத்தான் வேண்டும், அதற்குப் பணம் கேட்க எனக்கு வாயில்லை. துண்டுப் பிரசுரத்தில் இருந்த அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். அவள் படம் இன்னும் யார் யார் மெயிலிலோ இருக்கும். அதை என்னால் திரும்பப் பிடிக்க முடியாது.

பழைய கொடையாளர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் எழுதினேன். உங்கள் பெயர் போட்ட கழிவறை பூட்டிக் கிடக்கிறது, காரணம் இன்னது, கேட்க வேண்டிய பணத்தை நான் கேட்கவில்லை என்று. சிலர் பதில் போடவில்லை. ஒருவர் வக்கீலிடம் போவேன் என்றார். மனைவி நினைவாகக் கட்டடம் கொடுத்திருந்த ஒரு பெரியவர் போன் செய்தார். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். திட்டுவார் என்று காத்திருந்தேன். “மாசம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். சொன்னேன். “இவ்வளவுதானா? கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல?”

கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று நானே தீர்மானித்த இடம் அது. விற்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் எவ்வளவு சில்லறை என்பதை அவர் ஒரு கேள்வியில் காட்டிவிட்டார். பிள்ளைகளை ஏமாற்றியது ஒரு பக்கம். கொடுப்பவர்களின் மனசையும் என் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன்.

உங்கள் பெயரோ உங்கள் அப்பா அம்மா பெயரோ போட்ட கழிவறை எந்தப் பள்ளியிலாவது இருந்தால், ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். காலை இடைவேளை நேரத்தில் போங்கள்; பிள்ளைகள் உள்ளே போகிறார்களா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்களிடம் பணம் வாங்கி வந்தவனைக் கூப்பிட்டு, கழுவுகிறவருக்கு மாதம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அவன் மழுப்பினால் விடாதீர்கள். நான் பல வருஷம் மழுப்பிப் பிழைத்தேன்.